துடைப்பம் யார் கையில், லீடர் யார்: தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் நாள். புது வகுப்பு. மேசையைச் சுவரோரமாக நகர்த்த வேண்டும். "டேய், ரெண்டு பேர் வாங்கடா" என்கிறீர்கள். தரையெல்லாம் தூசி, "ஏம்மா, அந்தத் தொடப்பத்த எடுத்துக் கொஞ்சம் பெருக்கிடு" என்கிறீர்கள். இன்னும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதற்குள் யார் எதற்கு என்று முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது.

வடசென்னையில் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளை மாற்றி மாற்றி எடுத்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆண் பெண் சமத்துவம் என்றால் மகளிர் தினத்தன்று ஒரு பேச்சுப்போட்டி, சுவரில் ஒரு சார்ட் என்றுதான் நானும் இருந்தேன். அந்தச் சார்ட் ஒட்டிய சுவருக்குக் கீழேயே பெண் பிள்ளைகள் மட்டும் பெருக்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது. பயிற்சி முடித்து இப்போதுதான் வகுப்புக்குள் வருகிறவர்களுக்கு அந்த வருடங்களை மிச்சப்படுத்தலாமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். ஆசிரியர் அறையில் யாராவது கட்டாயம் கேட்பார்கள்: "பிளஸ் டூ ரிசல்ட்ல வருஷா வருஷம் பொண்ணுங்கதானே முந்துறாங்க? இன்னும் என்ன சமத்துவம்?" நியாயமான கேள்விதான். மதிப்பெண்ணில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அதே பிள்ளையை முன்னால் வந்து பேசச் சொல்லுங்கள், பாவாடை நுனியை முறுக்குவாள். பந்து தன் பக்கம் வந்தால் ஒதுங்குவாள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டவே திணறும் பையனை "பசங்க அப்படித்தான், பெருசானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் அல்லவா? உங்கள் வகுப்பின் அரும்பில், அதாவது இன்னும் தொடக்க நிலையிலேயே நிற்பவர்களில், யார் அதிகம் என்று ஒருமுறை பாருங்கள். ஒரே வகையான பிள்ளைகளாக இருந்தால், அது அவர்களின் குணம் இல்லை, நாம் விட்ட இடம்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்

ஒரு தாளில் பிள்ளைகளின் பெயர்களை எழுதி மேசையில் வையுங்கள். நீங்கள் கேள்வி கேட்ட பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு. திட்டினால் ஒரு புள்ளி. வேலை ஏவினால் ஒரு சுழி. ஐந்து நாள் போதும். யாரிடமும் காட்ட வேண்டாம்.

நான் முதன்முதலில் செய்தபோது நான்கு பையன்களின் பெயருக்கு நேரே கோடுகள் வேலிபோல நின்றன. புள்ளிகளும் அவர்களுக்கேதான். சுழிகள் எல்லாம் மூன்று பெண் பிள்ளைகளுக்கு. பதினோரு பிள்ளைகளுக்கு எதுவுமே இல்லை. அதில் ஏழு பேர் பெண்கள். அந்த ஏழு பேரைப் பற்றி அதுவரை யார் கேட்டாலும் "ரொம்ப அமைதியான பொண்ணு, தொந்தரவே இல்லை" என்று பாராட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காததற்கு நான் கொடுத்த சான்றிதழ் அது.

தாளைப் பார்த்துக் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்துவிடாதீர்கள். நாற்பது நிமிட பீரியடில் கை தூக்கிக் கத்துகிறவன் பக்கம்தான் யாருடைய கண்ணும் போகும். அதனால்தான் கண்ணை நம்பக் கூடாது, குச்சியை நம்ப வேண்டும்.

இரண்டாம் வாரம்: ஐஸ் குச்சி டப்பா

ஸ்டேஷனரி கடையில் ஐஸ் குச்சி கட்டாகக் கிடைக்கும். குச்சிக்கு ஒரு பெயர். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ டப்பாவோ ஒன்று. கேள்வியை முதலில் சொல்லுங்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள், அப்புறம் குச்சியை எடுங்கள். இந்த வரிசை முக்கியம். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்து நான்கு பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இடையில் விடும் அந்த மூன்று வினாடியில்தான் கூச்சப்படும் பிள்ளைக்கு வாக்கியம் உருவாகும்.

குச்சி வந்த பிள்ளை தெரியாமல் நின்றால் உடனே அடுத்த குச்சிக்குப் போகாதீர்கள். "பக்கத்துல கேட்டுட்டுச் சொல்லு" என்று உதவிக்கு வழி விடுங்கள். பதில் வந்த பிறகு பாராட்டுவதிலும் ஒரு கண் வேண்டும். பையன் சரியாகச் சொன்னால் "மூளைக்காரன்டா" என்போம். பெண் சரியாகச் செய்தால் "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்போம். ஒருவருக்கு அறிவு, மற்றவருக்கு நேர்த்தி. இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைக் கேளுங்கள்: "எப்படிக் கண்டுபிடிச்ச? மத்தவங்களுக்கும் சொல்லு."

வருகைப்பதிவும் இப்படித்தான். பல பள்ளிகளில் பையன்களின் பெயர் முதலில், பெண்களின் பெயர் பிறகு. பதிவேட்டின் வரிசை நம் கையில் இல்லை; கூப்பிடும் வரிசை நம் கையில்தான் இருக்கிறது. இன்று மேலிருந்து, நாளை கீழிருந்து. இதற்கு ஹெச்.எம். அனுமதி எதுவும் தேவையில்லை.

மூன்றாம் வாரம்: வேலை அட்டவணை

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் இதை மட்டும் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு வகுப்பில் ஒரு நாளைக்கு என்னென்ன வேலை நடக்கிறது என்று எழுதுங்கள். பலகை அழிப்பது, பெருக்குவது, குப்பைக்கூடை கொட்டுவது, நோட்டு அடுக்குவது, மேசை நகர்த்துவது, ஹெச்.எம். அறைக்குப் போய் வருவது, காலை உணவின்போது வரிசை பார்ப்பது, தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்குவது, லீடர். இதில் எது கௌரவம், எது கௌரவக் குறைச்சல் என்று பிள்ளைகளுக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். ஹெச்.எம். அறைக்குப் போவது உச்சம். துடைப்பம் அடி. வாரம் ஒருமுறை எல்லாரும் எல்லாவற்றுக்கும் மாறும்படி அட்டவணை போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், ஒரு பையன், ஒரு பெண்.

லீடர் விஷயத்தில் ஒரு தந்திரம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பையன் லீடர், பெண் துணை லீடர். பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவது அவன், நோட்டைத் திருப்பிக் கொடுப்பது இவள். அட்டவணையில் "துணை" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. கழிப்பறைச் சுத்தம் எந்தப் பிள்ளையின் வேலையும் இல்லை, எந்தச் சூழ்நிலையிலும். இரண்டாவது, துடைப்பத்துக்கு நம் வாயில் தானாக வரும் பெயர்களைக் கவனியுங்கள். பெண் என்பதற்காக மட்டும் அந்தப் பெயர் வருவதில்லை. எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு என்பதும் சேர்ந்தே வரும். சுழற்சி அட்டவணை இரண்டையும் ஒரே அடியில் அறுக்கும். அதனால்தான் அதை வாயால் சொல்லாமல் எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

பெற்றோர் வருவார்கள். எனக்கு வந்தார், ஒரு அப்பா, ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு.

"மிஸ், பையன் கையில தொடப்பத்த குடுத்தீங்களாமே?"

"ஆமாங்க. போன வாரம் தொடப்பம், இந்த வாரம் லீடர். ரெண்டும் ஒரே அட்டவணையிலதான் வருது. பாக்குறீங்களா?"

அவர் அட்டவணையைப் பார்த்தார். லீடர் என்ற கட்டத்தில் மகன் பெயரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது. மறுபடி வரவில்லை.

நம் வாய்

சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்ப வருடங்களில் என் கையில் இருந்த பெரிய தண்டனை, சேட்டை செய்யும் பையனைப் பெண்கள் வரிசையில் உட்கார வைப்பது. அடியும் இல்லை, திட்டும் இல்லை, வகுப்பே சிரிக்கும், அவன் கூனிக்குறுகி அடங்கிவிடுவான். மிக மென்மையான முறை என்று பெருமைகூட இருந்தது. ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், எங்க பக்கத்துல உக்கார்றது பனிஷ்மென்ட்டா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றோடு விட்டேன். இன்று என் வகுப்பில் இருக்கை வாரம் தோறும் மாறும், பையன் வரிசை, பெண் வரிசை என்று கிடையாது. பாதிப்பேர் முதல் வாரம் நெளிவார்கள், இரண்டாம் வாரம் ரப்பர் கடன் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. நடைமுறையில் பிரம்பு பையனுக்கும், "நாளைக்குப் போற இடத்துல என்ன சொல்லுவாங்க" என்ற பேச்சு பெண்ணுக்கும் என்று நாம் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். இரண்டும் வேண்டாம்.

வாயில் வரும் மற்ற சொற்களுக்கும் முன்கூட்டியே மாற்று வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் யோசிக்க முடியாது. "பொம்பளப்புள்ள மாதிரி அழுவுற" என்பதற்குப் பதில் "வலிக்குதா, எங்க?" "பொண்ணா லட்சணமா உக்காரு" என்பதற்குப் பதில் "எல்லாரும் நேரா உக்காருங்க." பையன்களுக்கு "டா" போட்டுப் பெண்களுக்கு "மா" போடுவது பாசம்தான், ஆனால் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், குரல் தானாகச் சமமாகிவிடும்.

மென்மையாக நடக்கும் பையனைப் பிள்ளைகள் "ஒன்பது" என்று கேலி செய்வார்கள். மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். கேட்காத மாதிரி கடந்து போகாதீர்கள். அன்றே, அங்கேயே, சத்தம் போடாமல்: "அது ஒருத்தரக் காயப்படுத்துற சொல். இந்த வகுப்புல கிடையாது." திருநங்கை, திருநம்பி என்ற மரியாதையான சொற்கள் நம்மிடம் இருக்கின்றன, 2008இலேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லலாம். நாம் பதறாவிட்டால் அவர்களும் பதறுவதில்லை.

பாடத்துக்குள்

தமிழில் ஒரு வசதி உண்டு. "அவர் வந்தார்" என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. இதை வைத்து ஒரு பீரியட் நடத்தலாம். வெள்ளைத்தாள் கொடுத்து மெதுவாகச் சொல்லுங்கள்: "சிக்னலில் ஒரு காவலர் நின்றார். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவினார். ஒரு சமையல்காரர் பெரிய அண்டாவில் பொங்கல் கிண்டினார். படம் வரைங்க." வேறெதுவும் சொல்லாதீர்கள். பிறகு எல்லாப் படத்தையும் தரையில் பரப்பி, காவலருக்கு எத்தனை மீசை என்று எண்ணச் சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கும்.

பேச்சு அங்கிருந்து தொடங்கும். இதே நகரத்தில் ஆயிரம் விளக்கில் 1992இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது, 2006இல் லத்திகா சரண் சென்னைப் போலீஸ் கமிஷனராக இருந்தார் என்று சொல்லலாம். சமையல்காரர் படம் இன்னும் சுவாரஸ்யம். வீட்டில் சமைப்பது யார் என்றால் "அம்மா, ஆயா" என்று கத்துவார்கள். கல்யாணத்தில் சமைப்பது யார்? பரோட்டா மாஸ்டர் யார்? ஒரு நிமிடம் அமைதி. காசு வந்தால் கரண்டி கை மாறுகிறது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளே ஏறக்குறைய அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

கணக்குப் பாடத்தில் வாய்க்கணக்கு நாமே போடுவதுதான், அதனால் மாற்றுவது சுலபம். கடைக்காரர் லாபம் பார்ப்பார், அம்மா காய் வாங்குவார் என்று போட்டுப் பழகிவிட்டோம். காசிமேட்டில் விடியற்காலை கூடைக் கணக்கில் மீன் எடுத்து, ஐஸ் காசு, ஷேர் ஆட்டோ காசு கழித்து, கடன் சொன்னவர்களை நினைவில் வைத்து, மதியத்துக்குள் லாபம் சொல்லும் பெண்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போடுங்கள். "எங்க ஆயா இப்படித்தான் மிஸ் கணக்கு போடும்" என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

முன்மாதிரி சொல்லும்போது தூரத்துப் பெயர்களை விட பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய பெயர்கள் பலன் தரும். மெரினா எதிரே விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் பழைய ஐஸ் ஹவுஸில்தான் சகோதரி சுப்பலட்சுமி, சிறு வயதிலேயே கணவரை இழந்த பெண் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அவர் 1911இல் பட்டம் பெற்றவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர் அ.லலிதா. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவம் முடித்தவர். மேயர் என்றால் 1957இல் தாரா செரியன், 2022இல் பிரியா. சதுரங்கம் என்றால் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும். அக்கா, தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர், உலகிலேயே முதல்முறை. "வீட்ல ஒரு போர்டுதான் இருந்தா யாருக்குக் குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

மைதானம்

சென்னைப் பள்ளிகளில் மைதானம் என்பதே ஒரு பெரிய வார்த்தை. பல இடத்தில் ஒரு முற்றம்தான். நடுவில் பையன்களின் கிரிக்கெட், சுவரோரமாகப் பெண்களின் அஞ்சாங்கல். பி.டி. பீரியடில் "பந்து பசங்களுக்கு, ஸ்கிப்பிங் கயிறு பொண்ணுங்களுக்கு" என்று கொடுத்தால் இடமும் அப்படியே பிரிந்துவிடும். எண் சொல்லி அணி பிரியுங்கள்: ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. முதலில் கோகோ நல்லது. அதில் உடல் பலத்தை விடத் திரும்பும் வேகம்தான் கணக்கு. அப்புறம் நடு முற்றத்துக்குக் கிழமை ஒதுக்குங்கள். பையன்களையும் அஞ்சாங்கல்லுக்கும் பல்லாங்குழிக்கும் உட்கார வையுங்கள். தோற்பார்கள். நல்லது.

மழை நாளுக்குக் கேரம் போர்டு ஒன்று வாங்கச் சொல்லுங்கள். வடசென்னையில் அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. வியாசர்பாடி இளவழகி கேரமில் உலகச் சாம்பியன். புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். இதைச் சொன்ன மறுநாள் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்க என் வகுப்பில் சண்டை, இரு தரப்பிலும்.

ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு மட்டும்

இப்போதெல்லாம் ஐந்தாம் வகுப்பிலேயே பிள்ளைகள் வயதுக்கு வருகிறார்கள். மேசை இழுப்பறையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்றுப் பாவாடை, பழைய செய்தித்தாள் வைத்திருங்கள். தமிழ்நாட்டில் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசம்; உங்கள் பள்ளிக்கு எப்படி வருகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆண் ஆசிரியர் என்றால் பக்கத்து வகுப்பு மிஸ்ஸோடு இப்போதே பேசிவையுங்கள், அன்றைக்குத் தேடி ஓடாதீர்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்குப் பாதி காரணம் அந்தத் தாழ்ப்பாள்.

சடங்கு முடிந்து திரும்பும் பிள்ளையை "பெரிய மனுஷி ஆயிட்டியா" என்று வகுப்பில் வரவேற்காதீர்கள். விட்டுப்போன பாடத்தை எடுத்துக் கொடுங்கள், போதும்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பாடத்தைப் பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்துவது பெரிய தவறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளையையும் சேர்த்துத்தான் காக்கிறது. தெரியவந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயம் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வீடும் கூட்டமும்

தாமதமாக வரும் பெண் பிள்ளையைத் திட்டுமுன் ஒரு கேள்வி: காலையில் தண்ணி லாரி வந்ததா? அம்மா வீட்டு வேலைக்குப் போய்விட்டால் குடம் பிடிப்பதும் தம்பியைக் கிளப்புவதும் இவள்தான். பெற்றோரிடம் பிரசங்கம் செய்து பயனில்லை. "அண்ணனையும் குடம் பிடிக்கச் சொல்லுங்க, இவ முதல் பீரியட் கணக்க விடுறா" என்று குறிப்பாகச் சொன்னால் வேலை நடக்கும். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தையும் சொல்லி வையுங்கள்: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறுக்குப் போகும்போது இதைக் கேட்கும் பெற்றோர் கொஞ்சம் கணக்குப் போடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தில் அம்மாக்கள் கையெழுத்துப் போடுவார்கள், பின்னால் நிற்கும் இரண்டு ஆண்கள் பேசுவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, "முதல்ல அம்மாங்க ஒவ்வொருத்தரா ஒரு விஷயம் சொல்லுங்க" என்று தொடங்குங்கள். என் அனுபவத்தில் கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியானது அப்படி நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகுதான்.

மார்ச்சில் மறுபடி எண்ணுங்கள்

ஜூனில் வைத்த தாளை எடுத்து அதேபோல ஐந்து நாள். கோடு, புள்ளி, சுழி. பக்கத்தில் பழைய தாளை வையுங்கள். எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் சுழிகளில் ஒரு சாய்வு இருக்கிறது. அவசரம் என்றால் இன்னும் பெண் பிள்ளையைத்தான் ஏவுகிறேன், போன வருடம்கூட.

குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும், அடுத்த ஜூனுக்கு அதில் பெயர் எழுதிக்கொள்ளலாம்.